உருக்கியபின் இயக்கம் 38-இல் நிற்கிறது: உறைவிந்து எந்தப் படியில் கெடுகிறது?

உறைகூடம்
வணக்கம். பொலிகாளை விந்தை உறையவைக்கும் ஆய்வகம் பற்றிய கேள்வி. சேகரித்த உடனே பார்த்தால் முன்னேறும் இயக்கம் (முன்னோக்கி நீந்தும் விந்தணுக்களின் பங்கு) 75 விழுக்காடு. உறையவைத்து 24 மணி நேரம் கழித்து உருக்கிப் பார்த்தால் 36 முதல் 40 வரைதான் தேறுகிறது. 50-க்குக் கீழே உள்ள தொகுப்பை வெளியே விடுவதில்லை என்பதால் எல்லாம் கழிவாகப் போகிறது. வெவ்வேறு வயதுள்ள மூன்று காளைகளிலும் ஒரே நிலை. ஆகவே காளையைக் குற்றம் சொல்ல முடியவில்லை.

முறை இதுதான்: டிரிஸ், மஞ்சள்கரு, கிளிசரால் சேர்ந்த எக்ஸ்டெண்டர் (விந்தை நீர்த்துக் காக்கும் கரைசல்), ஒரே கட்டமாகச் சேர்ப்பது. 0.25 மி.லி. ஸ்ட்ரா (விந்தை அடைக்கும் மெல்லிய குழல்), ஒரு ஸ்ட்ராவுக்கு 20 மில்லியன் விந்தணு. 4 டிகிரியில் 4 மணி நேரம். கணினியில் இயங்கும் உறைப்பான். உருக்குவது 37 டிகிரி நீரில் 30 நொடி. எந்தப் படியில் இழக்கிறோம் என்று எப்படிப் பிரித்துக் காண்பது?

வெள்ளைக்கோட்டு
கேள்வியைச் சரியாகவே கேட்டிருக்கிறீர்கள். கடைசி எண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு காரணம் தேடினால் கிடைக்காது. சேகரிப்பில் வந்த காயம், குளிர்விப்பில் வந்த காயம், உறைப்பில் வந்த காயம், எடுத்து அடுக்கும்போது வந்த காயம் எல்லாம் அந்த 38-க்குள் கலந்து நிற்கின்றன. ஒரே விந்தை வழி நெடுக அளந்துகொண்டே போங்கள்:

1. சேகரித்தவுடன், நீர்த்தொட்டியில் 34 டிகிரியில் இருக்கும்போது.
2. எக்ஸ்டெண்டர் கலந்த 10 நிமிடம் கழித்து.
3. 4 டிகிரியில் 4 மணி நேரம் முடிந்தபின், உறைப்பானுக்குள் போகும் முன். இந்த மாதிரியை 37 டிகிரிக்குச் சூடாக்கிச் சில நிமிடம் விட்டுப் பாருங்கள். குளிராக இருக்கும்போது பார்த்தால் உயிருள்ளதும் அசையாமல் கிடக்கும்.
4. உறைப்பானிலிருந்து திரவ நைட்ரஜனில் இறங்கிய உடனே எடுத்த 2 ஸ்ட்ரா.
5. எண்ணி, கோப்லெட்டில் (ஸ்ட்ராக்களை நிறுத்தும் சிறு கிண்ணம்) அடுக்கி, சேமிப்புக் கலனில் வைத்தபின் 2 ஸ்ட்ரா.
6. 24 மணி நேரம் கழித்து 2 ஸ்ட்ரா.

1-க்கும் 3-க்கும் இடையே 5 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தால் எக்ஸ்டெண்டரையோ குளிர்விப்பையோ பாருங்கள். 3-இலிருந்து 4-க்கு 15 முதல் 20 வரை விழுவது எதிர்பார்த்ததே. 4-க்கும் 6-க்கும் இடையே எதுவும் விழக்கூடாது. நைட்ரஜனுக்குள் காலம் எதையும் கெடுப்பதில்லை.

ஆனால் முதலில் நுண்ணோக்கியைச் சரிபாருங்கள். மேடை, கண்ணாடிச் சில்லு, மூடுசில்லு மூன்றும் 37 டிகிரியில் இருக்க வேண்டும். உருக்கிய விந்து குளிர்ந்த சில்லைத் தொட்டால் அந்த இடத்திலேயே பாதி நின்றுவிடும். அப்போது விந்தை அல்ல, சில்லின் குளிர்ச்சியைத்தான் அளந்தவர்களாவோம். பேஸ் கான்ட்ராஸ்ட், 200 மடங்கு, குறைந்தது 5 புலங்கள். ஓரங்களைத் தவிருங்கள். ஒருவர் பார்த்துச் சொன்ன எண்ணை இன்னொருவர் அறியாமல் மறுபடி பார்ப்பது நல்லது.

மயிலைக்காளை
வெள்ளைக்கோட்டு சார் சொன்ன வரிசையோடு உடன்படுகிறேன். ஆனால் 75 என்ற எண்ணையே நம்பிவிட வேண்டாம். இயக்கம் 75 இருந்தும் சவ்வு ஏற்கெனவே பலவீனமான விந்து உண்டு. உறைப்புதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

செயற்கை யோனியின் (விந்து சேகரிக்கும் கருவி) உள்வெப்பம் காளை ஏறும் தருணத்தில் 42 முதல் 45 டிகிரி. நீரை ஊற்றும்போது அளந்தது போதாது, காளை வரத் தாமதித்தால் ஆறிவிடும். ஆறியதில் காளை பாயாது. அதிகச் சூட்டிலோ சிறுநீர் கலந்து வரலாம், அந்தக் காளை அடுத்த முறை தயங்கும். உராய்வுக்குத் தடவும் களிம்பு மெல்லிய படலம் போதும். அள்ளித் தடவினால் வழிந்து குழாயில் விழும், அது விந்தணுவுக்கு ஆகாது. ரப்பர் உறையைக் கழுவியபின் ஒரு சொட்டு நீர் கூட மிஞ்சக்கூடாது. வெறும் நீர் பட்ட விந்தணு உப்பி, வால் சுருண்டு, செத்துப்போகும். வால் சுருண்ட விந்தணு சில்லில் நிறையத் தெரிந்தால் முதல் சந்தேகம் நீர்மேல்தான்.

ஒரு போலி ஏற்றம் (சேகரிக்காமல் காளையை ஏறவிட்டு இறக்குவது), 2 நிமிடம் நிறுத்திவைப்பு, மறுபடி 2 போலி ஏற்றம், அதன்பின் சேகரிப்பு. இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் எண்ணிக்கை தெளிவாகக் கூடும். நேரமில்லை என்று இதைத் தவிர்ப்பவர்கள் ஸ்ட்ரா எண்ணிக்கையைத்தான் இழக்கிறார்கள்.

இன்னொன்று வெயில். விந்தணு உருவாக 60 நாளுக்கு மேல் ஆகும், அதோடு எபிடிடிமிஸில் (விந்தணு முதிரும் குழாய்) தங்கும் நாள்களும் உண்டு. ஆகவே காளைக்குக் காய்ச்சல் வந்தாலும், கடும் வெப்பத்தில் நின்றாலும், அதன் விளைவு விந்தில் 2 வாரம் முதல் 2 மாதம் கழித்துத் தெரியும். இன்றைய விந்து கெட்டிருந்தால் இன்றைய தீவனத்தைப் பார்த்துப் பயனில்லை, நாட்குறிப்பைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். மூன்று காளையும் ஒரே கொட்டகையில் நின்றால் மூன்றும் ஒன்றாகவே சரியும்.

மஞ்சள்கரு
எக்ஸ்டெண்டர் செய்முறையை எழுதவில்லையே? நாங்கள் பின்பற்றுவதை எழுதுகிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாங்கல் கரைசல் 100 மி.லி.க்கு: டிரிஸ் 3.028 கிராம், சிட்ரிக் அமிலம் (ஒரு நீர்மூலக்கூறு உள்ளது) 1.675 கிராம், ஃப்ரக்டோஸ் 1.25 கிராம். இதில் 73 பங்கு, மஞ்சள்கரு 20 பங்கு, கிளிசரால் 7 பங்கு சேர்ந்து 100. நுண்ணுயிர்க்கொல்லிகள் கடைசியில்: ஜென்டாமைசின், டைலோசின், லின்கோமைசின், ஸ்பெக்டினோமைசின் கலவை, அல்லது பழைய பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின்.

தவறு நடக்கும் இடங்கள்:

சிட்ரிக் அமிலப் புட்டியைப் படித்துப் பாருங்கள். நீர் இல்லாத வகையை அதே எடையில் போட்டால் அமிலம் கூடிவிடும். புட்டி மாற்றிய மாதத்திலிருந்து எண்கள் சரிந்திருந்தால் இதுவாக இருக்கலாம்.

கிளிசராலைப் பிப்பெட்டில் அளக்காதீர்கள். பிசுபிசுவென்று சுவரில் ஒட்டிக்கொண்டு குறைவாகவே இறங்கும். எடைபோடுங்கள். அதன் அடர்த்தி 1.26, ஆகவே 7 மி.லி. வேண்டுமென்றால் 8.8 கிராம். பிப்பெட்டில் எடுத்த 7 உண்மையில் 5 ஆக இருப்பது அரிதல்ல. 5-இல் காப்பு போதாது. 9-க்கு மேல் போனால் கிளிசராலே நஞ்சு.

மஞ்சள்கரு: புது முட்டை. ஓட்டைச் சாராயத்தில் துடைத்து உலரவிட்டு உடைக்க வேண்டும். வெண்கருவைப் பிரித்து, மஞ்சள்கருவை வடிதாளில் உருட்டி எஞ்சிய வெண்கருவை ஒற்றி எடுக்க வேண்டும். பிறகுதான் சவ்வைக் குத்தி உள்ளிருப்பதை மட்டும் வடிப்பது. சவ்வும் சேர்ந்து விழுந்தால் துகள்கள் மிதந்து நுண்ணோக்கியில் எண்ணவே விடாது. கலந்தபின் மையவிலக்கில் சுழற்றித் தெளிவை மட்டும் எடுத்தால் பார்வைக்கும் நல்லது, விந்தணுவின் ஓட்டத்துக்கும் நல்லது.

அமில காரநிலையை அளக்கும்போது வெப்பநிலையையும் குறித்துவையுங்கள். டிரிஸ் கரைசல் ஒரு டிகிரி குளிர்ந்தால் பி.எச். ஏறத்தாழ 0.03 கூடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அளந்தது ஒரு எண், அறைவெப்பத்தில் அளந்தது வேறு எண். இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

உறைகூடம்
நன்றி சார். சிட்ரிக் அமிலம் சரியான வகைதான். கிளிசராலை இனி எடைபோடுகிறோம். மஞ்சள்கருவுக்குப் பதில் சோயா லெசிதின் எக்ஸ்டெண்டருக்கு மாறினால் இந்தச் சிக்கல்கள் குறையுமா?

மஞ்சள்கரு
முட்டை வழியாக நுண்ணுயிர் வரும் அச்சம் குறையும், தொகுப்புக்குத் தொகுப்பு மாறுபாடும் குறையும். ஆனால் இப்போது மாற வேண்டாம். காரணம் தெரியாமல் இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றினால் எது குணமாக்கியது என்று ஒருபோதும் தெரியாது.

மஞ்சள்கரு ஏன் காக்கிறது என்பது இங்கே முக்கியம். விந்துநீரில் உள்ள சில புரதங்கள் விந்தணுச் சவ்விலிருந்து கொலஸ்ட்ராலையும் பாஸ்போலிப்பிடையும் உருவிக்கொண்டே இருக்கும். மஞ்சள்கருவின் குறை அடர்த்தி லிப்போபுரதம் அந்தப் புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே விந்தை எக்ஸ்டெண்டர் இல்லாமல் குழாயில் காத்திருக்க விடும் ஒவ்வொரு நிமிடமும் சவ்வு மெலிகிறது. சேகரித்துச் சில நிமிடத்துக்குள் அதே வெப்பநிலையிலுள்ள எக்ஸ்டெண்டரைச் சம அளவு கலந்துவிடுங்கள். எண்ணிக்கை கணக்கையெல்லாம் அதன்பின் நிதானமாகப் போடலாம்.

வெள்ளைக்கோட்டு
கணக்கையும் ஒருமுறை சரிபார்த்துவிடுவோம். 6 மி.லி. விந்து, மி.லி.க்கு 1,200 மில்லியன் என்றால் மொத்தம் 7,200 மில்லியன். ஸ்ட்ராவுக்கு 20 என்றால் 360 ஸ்ட்ரா. 360 × 0.25 = 90 மி.லி. மொத்தக் கொள்ளளவு. 6-ஐக் கழித்தால் 84 மி.லி. எக்ஸ்டெண்டர். முதலில் கலந்த 6-ஐயும் இந்த 84-க்குள் கணக்கிட வேண்டும்.

ஒளிமானி (ஒளி புகும் அளவை வைத்து விந்தணுச் செறிவைக் கணக்கிடும் கருவி) 1,200 என்று காட்டுவதை மாதம் ஒருமுறையாவது இரத்த அணு எண்ணும் சில்லில் உறுதிசெய்யுங்கள். 200 மடங்கு நீர்த்து, நடுவிலுள்ள 25 கட்டங்களில் 5-இல் எண்ணியதை 1 கோடியால் பெருக்கினால் மி.லி.க்கான எண். 120 எண்ணினால் 1,200 மில்லியன். தூசி, சீழ் அணு, சிறுநீர்த் துகள் எல்லாவற்றையும் ஒளிமானி விந்தணு என்றே நினைக்கும். உண்மை எண் குறைவாக இருந்தால் ஸ்ட்ராவில் 20-க்குப் பதில் 14 போயிருக்கும், எக்ஸ்டெண்டரும் அளவுக்கு மீறி நீர்த்திருக்கும். அதிகம் நீர்த்த விந்து உறைப்பைத் தாங்குவதும் குறைவு.

மயிலைக்காளை
குளிர்விப்பில் ஒரு கருத்து வேறுபாடு. 4 மணி நேரம் என்பது கிளிசரால் உள்ளே புகுவதற்காக என்று பலரும் நினைக்கிறார்கள். கிளிசரால் சில நிமிடத்தில் புகுந்துவிடும். அந்த 4 மணி நேரம் சவ்வின் கொழுப்புகள் குளிரில் ஒழுங்குபட்டு நிலைகொள்வதற்காக. ஆகவே நேரத்தை 2 மணியாகக் குறைப்பதை நான் ஏற்கமாட்டேன். இரவு முழுவதும் வைத்துக் காலையில் உறையவைப்பவர்களும் உண்டு, அதில் பெரிய இழப்பில்லை.

மஞ்சள்கரு
இரவு முழுவதும் வைப்பது எக்ஸ்டெண்டரைப் பொறுத்தது. நுண்ணுயிர்க்கொல்லி பலவீனமாக இருந்தால் அந்த நேரம் பாக்டீரியாவுக்கும் கிடைக்கிறது. வழக்கமாகச் செய்ய நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் 4-க்குக் குறையக்கூடாது என்பதில் உடன்பாடு.

அதைவிட முக்கியம் 34-லிருந்து 4-க்கு இறங்கும் வேகம். 15-க்கும் 5-க்கும் இடையில்தான் குளிர் அதிர்ச்சி. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் சீராக இறங்க வேண்டும். சிறு குழாயை நேராகக் குளிர்பெட்டியில் வைத்தால் 20 நிமிடத்தில் இறங்கிவிடும். குழாயை 34 டிகிரி நீருள்ள பெரிய பீக்கரில் நிறுத்தி, பீக்கரோடு உள்ளே வையுங்கள். குளிர் அதிர்ச்சியின் அடையாளம்: விந்தணு முன்னே போகாமல் வட்டமடிக்கும், பின்னோக்கியும் நகரும்.

ஸ்ட்ராவை நிரப்புவதும் மூடுவதும் அதே குளிர்ப்பெட்டிக்குள். ஸ்ட்ரா, இடுக்கி, தட்டு எல்லாம் முன்கூட்டியே 4 டிகிரிக்கு வந்திருக்க வேண்டும். அறைவெப்பத்தில் இருந்த வெறும் ஸ்ட்ராவுக்குள் 4 டிகிரி விந்தை இழுத்தால் ஒரு கணம் சூடேறி மறுபடி குளிரும்.

உறைகூடம்
படிப்படியாக அளந்தோம். சேகரித்தவுடன் 75. எக்ஸ்டெண்டரில் 75. 4 மணி நேரம் முடிந்தபின் 70. உறைப்பானிலிருந்து நேரே எடுத்து உருக்கியது 53. அடுக்கிச் சேமிப்பில் வைத்தபின் 39. 24 மணி நேரம் கழித்தும் 39.

வெள்ளைக்கோட்டு
அப்படியானால் எக்ஸ்டெண்டர் நிரபராதி, உறைப்பானும் நிரபராதி. 53-க்கும் 39-க்கும் நடுவில் இருப்பது எண்ணி அடுக்கும் வேலை மட்டுமே. ஸ்ட்ராக்கள் எங்கே, எதற்குள் எண்ணப்படுகின்றன?

உறைகூடம்
தெர்மோகோல் தொட்டியில் திரவ நைட்ரஜன் ஊற்றி, ஸ்ட்ராக்களைக் கொட்டி, கையுறையோடு அள்ளி எண்ணி, கோப்லெட்டில் நிறுத்திக் கலனுக்கு மாற்றுகிறார்கள். ஒரு தொகுப்பு முடிய 15 நிமிடம் ஆகும். நைட்ரஜன் ஆழம் தொடக்கத்தில் 5 செ.மீ. இருக்கும்.

நைட்ரஜன் கலன்
காரணம் அதுதான். ஸ்ட்ரா நீளம் 133 மி.மீ. படுத்துக் கிடக்கும்வரை 5 செ.மீ. ஆழம் மூடும். கோப்லெட்டில் நிமிர்த்தி நிறுத்தியதும் மேல்பாதி முழுக்க வெளியே நிற்கிறது. 15 நிமிடத்தில் ஆவியாகி ஆழமும் குறைகிறது. நைட்ரஜன் தளும்புவதால் எல்லாம் குளிராகவே இருக்கிறது என்று கண்ணுக்குத் தோன்றும். ஆனால் திரவமட்டத்துக்கு மேலே சில அங்குலத்திலேயே திறந்த தொட்டியில் வெப்பம் கூர்மையாக ஏறும்.

எல்லை மைனஸ் 130. அதற்குக் கீழே உறைந்த நீர் அசைவற்றுக் கிடக்கும். அதைத் தாண்டினால் சிறு பனிப்படிகங்கள் கரைந்து பெரியவற்றோடு சேரத் தொடங்கும். இந்த மறுபடிகமாதல் விந்தணுவின் உள்ளேயும் சவ்வோரத்திலும் நடக்கிறது. ஸ்ட்ரா வெளியே பார்க்க உறைந்தேதான் இருக்கும், உருகவில்லை, மறுபடி நைட்ரஜனில் போட்டால் மைனஸ் 196-க்கும் போய்விடும். ஆனால் பெரிதான படிகம் பெரிதானதுதான். திரும்பக் குளிரவைப்பது எதையும் சரிசெய்யாது. ஒவ்வொரு முறை வெளியே எடுப்பதும் முந்தைய காயத்தின் மேல் ஏறிக்கொண்டே போகும்.

0.25 ஸ்ட்ராவில் இது இன்னும் கடுமை. 0.5-ஐவிட மெல்லியது, உள்ளிருக்கும் அளவு பாதி. எவ்வளவு சீராக உறைகிறதோ அவ்வளவு விரைவாகச் சூடேறவும் செய்யும். அறைக்காற்றில் சில நொடிகளில் மைனஸ் 130-ஐத் தாண்டிவிடும். விரல் பட்ட இடத்தில் இன்னும் வேகம்.

செய்ய வேண்டியவை: அடுக்கும் தொட்டியில் ஆழம் குறைந்தது 16 செ.மீ., நிமிர்ந்த ஸ்ட்ரா முழுவதும் மூழ்க வேண்டும். கோப்லெட்டும் இடுக்கியும் கேனிஸ்டரும் (கோப்லெட்டுகளைத் தாங்கிக் கலனுக்குள் தொங்கும் வாளி) முன்பே நைட்ரஜனில் மூழ்கி, கொதிப்பு அடங்கியிருக்க வேண்டும். சூடான கோப்லெட்டை ஸ்ட்ராவோடு சேர்ப்பது அடுப்பில் வைப்பதற்குச் சமம். எண்ணுவதெல்லாம் திரவத்துக்கு உள்ளேயே. தொட்டியிலிருந்து கலனுக்குப் போகும்போது கோப்லெட் திரவம் நிறைந்தபடியே போகட்டும், கடத்தும் நேரம் 3 நொடிக்கு மேல் வேண்டாம். கலனை வேறு மேசையில் வைக்காமல் தொட்டியை ஒட்டியே வையுங்கள்.

குளிர்ப்பெட்டி இல்லாதவர்
நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். கணினி உறைப்பான் இல்லாமல் ஆவியில் உறையவைக்கும் முறைக்கும் இதே கவனங்கள் போதுமா?

நைட்ரஜன் கலன்
போதாது, அங்கே உறைப்பே இன்னொரு ஆபத்து. அகலவாய்ப் பெட்டியில் நைட்ரஜன் ஊற்றி, அதன் மட்டத்துக்கு 4 செ.மீ. மேலே ஸ்ட்ரா தட்டை வைத்து, மூடி 8 முதல் 10 நிமிடம். ஆவியின் வெப்பம் மைனஸ் 120 முதல் 140 வரை வந்ததும் திரவத்தில் இறக்கிவிடுவது. எளிய முறைதான், நன்றாகச் செய்தால் 50-ஐத் தாண்டும்.

ஸ்ட்ராக்கள் ஒன்றன்மேல் ஒன்று படக்கூடாது, ஒற்றை வரிசை மட்டும். கூடினால் நடுவில் இருப்பவை மெல்ல உறையும். முதல் தட்டு முடிந்ததும் நைட்ரஜன் மட்டம் தாழ்ந்திருக்கும், இரண்டாம் தட்டு 4-க்குப் பதில் 6 செ.மீ. உயரத்தில் உறையும். ஒவ்வொரு தட்டுக்கும் மட்டத்தை அளந்து நிரப்புங்கள், அல்லது தட்டை மிதவையில் வைத்து உயரத்தை மாறாமல் பிடியுங்கள். வெறும் எக்ஸ்டெண்டர் நிரப்பிய ஒரு ஸ்ட்ராவுக்குள் வெப்பமின் இணை கம்பியைச் செருகி, வெப்ப வரைபடத்தை ஒருமுறையாவது பதிந்து பாருங்கள். நீர் உறையும்போது தன் மறைவெப்பத்தை வெளியிடும், வரைபடத்தில் ஒரு மேடு தெரியும். அந்த மேடு நீண்டால் குளிர் போதவில்லை.

கணினி உறைப்பானில் பரவலாக உள்ள வளைவு: 4-லிருந்து மைனஸ் 10 வரை நிமிடத்துக்கு 5 டிகிரி, மைனஸ் 10 முதல் 100 வரை நிமிடத்துக்கு 40, அங்கிருந்து 140 வரை நிமிடத்துக்கு 20. நடுப்பகுதி வேகமாக இருப்பது காரணத்தோடுதான். மைனஸ் 15-க்கும் 60-க்கும் இடையே மெல்லப் போனால் வெளியே உப்பு செறிந்து விந்தணுவிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். மிக வேகமாகப் போனால் நீர் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே பனியாகும். இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய வழிதான் அந்த 40. குறைந்த ஸ்ட்ரா உள்ள நாளில் வெற்று எக்ஸ்டெண்டர் ஸ்ட்ராக்களைப் போட்டு எண்ணிக்கையைச் சமன்செய்யுங்கள், இல்லையென்றால் வளைவு மாறும்.

வெள்ளைக்கோட்டு
இந்த மைனஸ் 130 எல்லையை வரலாறும் காட்டுகிறது. கிளிசராலின் காப்பை போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் சேவல் விந்தில் கண்டு 1949-இல் வெளியிட்டார்கள். 1951-இல் உறைவிந்தில் பிறந்த கன்று வந்துவிட்டது. அந்தத் தொடக்க ஆண்டுகளில் சேமித்தது உலர்பனியில், மைனஸ் 79-இல். அங்கே மாதங்கள் போகப்போக விந்து மெல்லக் கெட்டது. திரவ நைட்ரஜனுக்கு மாறியபின்தான் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது உறுதியானது. உறைந்திருந்தால் போதும் என்ற எண்ணம் அன்றே தவறென்று தெரிந்துவிட்டது.

களப்பணி
நான் சினை ஊசி போடும் பக்கத்திலிருந்து கேட்கிறேன் அண்ணே. ஆய்வகத்தில் இவ்வளவு கவனமாகச் செய்தது எங்கள் கலனில் எப்படி நிலைக்கும்? கலன் ஒரு நாளைக்குப் பலமுறை திறக்கப்படுகிறது.

நைட்ரஜன் கலன்
பெரும்பாலான இழப்பு உங்கள் பக்கத்தில்தான், ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

கேனிஸ்டரைக் கழுத்துக்கு மேலே தூக்காதீர்கள். கழுத்தின் உள்சுவரில் வெண்பனி படிந்த கோடு தெரியும், அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. வாய்விளிம்புக்கு 5 முதல் 8 செ.மீ. கீழேயே நிறுத்தி, இடுக்கியால் ஸ்ட்ராவை எடுங்கள். 8 நொடிக்குள் கிடைக்கவில்லையா, கேனிஸ்டரை முழுக்க இறக்கி, கொதிப்பு அடங்கியதும் மறுபடி தூக்குங்கள். பனிமூட்டத்தில் எழுத்துத் தெரியவில்லை என்று வாயால் ஊதுவதை அடியோடு விடுங்கள். எந்தக் கேனிஸ்டரில் எந்தக் காளை என்று மூடிமேல் ஒரு பட்டியல் இருந்தால் தேடும் நேரமே மிச்சம்.

மட்டத்தை வாரம் ஒருமுறை அளவுகோலால் பாருங்கள். உலோகக் குழாயை விடாதீர்கள், உள்ளே புகுந்த திரவம் கொதித்து மேலே பீறிடும். மரக்குச்சியோ பிளாஸ்டிக் கோலோ போதும். 10 நொடி நிறுத்தி எடுத்து காற்றில் அசைத்தால் பனி படியும் உயரமே மட்டம். கோப்லெட்டுகள் மூழ்கும் அளவுக்குக் கீழே போகவிடாதீர்கள். நைட்ரஜன் தீர்ந்த கலன் சில நாள் குளிராகவே தோன்றும், உள்ளே ஸ்ட்ரா உறைந்தும் இருக்கும், ஆனால் அது பயன்படாது.

எடைபோட்டும் பார்க்கலாம். 1 லிட்டர் நைட்ரஜன் 0.8 கிலோ. ஒரு நாள் ஆவியாகும் அளவு வழக்கத்தைவிட இரட்டிப்பானாலோ, கலனின் வெளிக்கழுத்தில் வியர்வையோ பனியோ படிந்தாலோ, வெற்றிட அடுக்கு போய்விட்டது. அன்றே வேறு கலனுக்கு மாற்றுங்கள், பழுதுபார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க நேரமில்லை. கலனை உருட்டி, சாய்த்து, வண்டியில் அதிர அதிரக் கொண்டுபோனால் உள்ளே தொங்கும் உள்கலனின் கழுத்து விரிசல்விட்டு இந்த நிலை வரும்.

பாதுகாப்பு: மூடியை இறுக்கி அடைக்காதீர்கள், வாயு வெளியேற வழி வேண்டும். 1 லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும். மூடிய காரிலோ சிறு அறையிலோ அது ஆக்சிஜனை ஒதுக்கிவிடும், மூச்சுத்திணறல் தெரியாமலே மயக்கம் வரும். நைட்ரஜனுக்கு மணமில்லை, எச்சரிக்கையும் இல்லை. கண்ணாடி, தளர்ந்த கையுறை, மூடிய காலணி எப்போதும்.

களப்பணி
உருக்குவதில் ஒரு சந்தேகம். சட்டைப்பையில் அல்லது கைச்சூட்டில் உருக்குபவர்கள் நிறைய. சினையும் பிடிக்கிறது என்கிறார்கள்.

மயிலைக்காளை
சினை பிடிப்பது மிஞ்சிய விந்தணுவால். சட்டைப்பையில் மெல்லச் சூடேறும்போது ஸ்ட்ரா மைனஸ் 130 முதல் 0 வரை உள்ள ஆபத்துப் பகுதியில் நிமிடக்கணக்கில் நிற்கிறது. 37 டிகிரி நீரில் அதே தூரத்தைச் சில நொடியில் கடந்துவிடும். வெப்பமானியில் பார்த்து 35 முதல் 37, 30 நொடி. கைவிட்டுப் பார்த்து மதிப்பிடாதீர்கள். 45-இல் 30 நொடி விட்டால் அதுவும் சாவு.

எடுத்தவுடன் நன்றாகத் துடையுங்கள், ஒரு சொட்டு நீர் உள்ளே போனால் மேலே சொன்ன வால்சுருட்டல்தான். உருகிய விந்து மறுபடி குளிரக்கூடாது. குளிர்க்காலமானால் கன்னையும் (சினை ஊசிக் கருவி) ஷீத்தையும் (அதன் மேலுறை) உடம்போடு அணைத்துச் சூடாக வைத்திருங்கள். உருக்கி 10 நிமிடத்துக்குள் போடுவது நல்லது, 15-ஐத் தாண்ட வேண்டாம். மூன்று மாடு நிற்கிறதென்று மூன்றையும் ஒன்றாக உருக்காதீர்கள்.

உறைந்து உருகிய விந்தணு மாட்டின் உடலுக்குள் வாழும் காலமும் குறைவு. புதிய விந்துக்குத் தரும் சலுகை அதற்கு இல்லை. ஆகவே நேரம் பிசகாமல் இருப்பது முக்கியம்: காலையில் நிலையாக நின்று ஏறவிட்ட மாட்டுக்கு மாலையில், மாலையில் நின்றதற்கு மறுநாள் காலையில். கருப்பை வாயைக் கடந்து கருப்பை உடலின் தொடக்கத்திலேயே விடுங்கள், ஒரு கொம்புக்குள் ஆழமாகப் போக வேண்டாம்.

உறைகூடம்
தொட்டியை மாற்றி, ஆழத்தை 18 செ.மீ. ஆக்கி, எல்லாவற்றையும் திரவத்துக்குள்ளேயே செய்தோம். அடுக்கியபின் 51, 24 மணி நேரம் கழித்தும் 51. மிக்க நன்றி. ஒரு கேள்வி மிச்சம்: 38-இல் நின்ற பழைய தொகுப்புகளை வீணாக்காமல், ஒரு மாட்டுக்கு 2 ஸ்ட்ரா போட்டால் ஆகாதா?

வெள்ளைக்கோட்டு
வேண்டாம் என்பேன். விந்தணுக் குறைகள் இருவகை. கருமுட்டைவரை போய்ச் சேர முடியாத குறை ஒன்று: வால் கோணல், இயக்கக் குறைவு. அதை எண்ணிக்கையைக் கூட்டி ஓரளவு ஈடுகட்டலாம். இன்னொன்று, போய்ச் சேர்ந்து கருவுறவும் செய்து, பின்னர் கரு நிலைக்காமல் போகும் குறை. தலை வடிவக் கோளாறும் மரபணுப் பொருளின் சேதமும் அந்த வகை. அதற்கு எத்தனை ஸ்ட்ரா போட்டாலும் ஈடாகாது.

உங்கள் பழைய தொகுப்பு மறுபடிகமாதலால் கெட்டது. அங்கே இயக்கம் குறைந்தது மட்டுமல்ல, அசைந்துகொண்டிருப்பவற்றிலும் அக்ரோசோம் (விந்தணுத் தலையின் தொப்பி) சிதைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஜீம்சா சாயமிட்டு அக்ரோசோமைப் பாருங்கள். 150 மில்லி ஆஸ்மோல் கரைசலில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, வால் உப்பிச் சுருள்பவற்றை எண்ணுங்கள். உப்பாதவை சவ்வு கிழிந்தவை. இரண்டிலும் தோற்றால் அழித்துவிடுங்கள். ஒரு சினைப்பருவம் தவறினால் மாட்டுக்காரருக்கு 21 நாள் போகிறது, அதை நம் கழிவைக் காப்பாற்றக் கேட்பது நியாயமில்லை.

களப்பணி
கடைசியாக ஒன்று. ஸ்ட்ராவை எந்த முனையில் வெட்டுவது? வெட்டியபின் விந்து முழுக்க வராமல் ஷீத்துக்குள் பின்வாங்கி வழிகிறது.

மஞ்சள்கரு
பஞ்சும் பொடியும் உள்ள தொழிற்சாலை முனை கன்னுக்குள் போகட்டும், அதுவே உந்துதண்டின் முன் அடைப்பானாக நகரும். வெட்ட வேண்டியது ஆய்வகத்தில் மூடிய முனை. அங்கே ஒரு காற்றுக்குமிழி விட்டிருப்போம், உறையும்போது திரவம் விரிய இடம் வேண்டும் என்பதற்காக. குமிழி இல்லாத ஸ்ட்ரா மூடி பிதுங்கி வெடிக்கும். உருக்கியபின் அந்த முனையை மேலாகப் பிடித்து லேசாக உதறுங்கள், குமிழி மேலே வரும். குமிழியின் நடுவில் வெட்டினால் விந்து வீணாகாது.

வழிவதற்குக் காரணம் சாய்வான வெட்டு. செங்கோணத்தில் வெட்டிய முனைதான் ஷீத்தின் உள்ளடைப்பில் இறுகி உட்காரும். கத்தரிக்கோல் மழுங்கியிருந்தால் ஸ்ட்ரா நசுங்கி நீள்வட்டமாகும், அப்போதும் இறுகாது. ஸ்ட்ரா வெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதன் கத்தி மழுங்கியதும் மாற்றுங்கள்.